உக்கடத்தில் கிடைத்த பழைய தோட்டக்கலை நூல்: ஓரங்களில் எழுதியவர் யார்?

கேள்வி – பேரூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். கோவை உக்கடம் பழைய புத்தகக் கடை ஒன்றில், போட்டித்தேர்வு வழிகாட்டிகளின் அடியில் கிடந்த தடித்த ஆங்கிலத் தோட்டக்கலை நூல் ஒன்றை அண்மையில் வாங்கினேன். தலைப்புப் பக்கம் கிழிந்து போயிருக்கிறது. முதுகில் ஃபர்மிஞ்சர் என்ற ஆசிரியர் பெயரும், கீழே தாக்கர் ஸ்பிங்க் என்ற கல்கத்தா பதிப்பகத்தின் பெயரும் மங்கலாகத் தெரிகின்றன. விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்க வரவில்லை. இந்த நூல் யார் யார் கையில் இருந்தது என்பதை அறியவே இங்கே எழுதுகிறேன்.

அட்டையைத் திறந்தவுடன் பழுப்பேறிய மையில் ஆங்கிலத்தில் ஒரு பெயர், 'லாலி ரோடு, கோயமுத்தூர்', 1924 என்று எழுதப்பட்டுள்ளது. அதற்கடுத்த தாளில் ஊதா நிற ரப்பர் முத்திரை ஒன்று பாதி அழிந்து காணப்படுகிறது. அதில் ஏதோ ஒரு பண்ணையின் பெயரும், 'தாராபுரம் தாலுக்கா, கோயமுத்தூர் ஜில்லா' என்பதும் படிக்க முடிகின்றன. நூலின் உள்ளே பெரும்பாலான செடிகளின் தலைப்புக்கு எதிரே, மையால், அழகிய சிறிய எழுத்தில் அந்தச் செடியின் தமிழ்ப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அதே மையால் ஆங்கில வரிகள் சில அடிக்கோடிடப்பட்டும் உள்ளன. இவற்றுக்கு அப்பால், பக்க ஓரங்களில் முற்றிலும் வேறொரு கையெழுத்தில் பென்சில் குறிப்புகள் நெருக்கமாக இருக்கின்றன. அவை அனைத்தும் தமிழ். ஆங்கில எழுத்து ஒன்றுகூட இல்லை.

பென்சில் குறிப்புகளில் சில குறியீடுகள் எனக்குப் புரியவில்லை. 'விரோதி' என்று தொடங்கி, ஒரு குறி, 'ஐப்பசி', மறுபடி ஒரு குறி, பிறகு எண் போலத் தோன்றும் வேறு குறிகள் என்று வரிகள் செல்கின்றன. தெளிவாகப் படிக்க முடிந்த குறிப்புகளில் என்னை மிகவும் நிறுத்தியது ரோஜாவைப் பற்றிய பகுதியின் ஓரத்தில் உள்ள இது: 'இன்று அவர்கள் கோயமுத்தூர் போயிருக்கிறார்கள். ஒட்டு நானே கட்டினேன்.' கீழே, சற்றே வேறுபட்ட அழுத்தத்தில், பிற்பாடு எழுதியது போல, 'துளிர்த்தது' என்று ஒற்றைச் சொல் இருக்கிறது.

நூலின் பின்புறத்தில் வட்டமான வேறொரு முத்திரை உள்ளது. அதன் மேல் யாரோ கறுப்பு மையைத் தடவி மறைத்திருக்கிறார்கள். இடையில் இரண்டு தாள்கள் செருகப்பட்டிருந்தன. ஒன்று, பூனாவைச் சேர்ந்த போச்சா விதை நிறுவனத்தின் விலைப்பட்டியலிலிருந்து கிழித்த பகுதி. மற்றொன்று, எழுதப்படாத இன்லேண்டு கடிதத்தின் பாதி.

இந்த நூலை யார் யார் எந்த வரிசையில் வைத்திருந்தார்கள், பென்சிலால் எழுதியவர் யாராக இருக்கலாம் என்பதே என் முதன்மையான கேள்வி. தையல் விட்டுப் போயிருப்பதால் பைண்டிங் செய்யக் கொடுக்கலாமா என்பதையும் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி – ஓய்வுபெற்ற நூலகர், ஈரோடு

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதில் தாமதம் கூடாது. தயவுசெய்து இந்த நூலை வழக்கமான பைண்டிங் கடையில் கொடுக்க வேண்டாம். தைத்து முடித்ததும் மூன்று பக்கமும் ஓரம் வெட்டிச் சமப்படுத்துவது அவர்களுடைய இயல்பான வேலைமுறை. உங்கள் நூலில் விலைமதிப்புள்ளதெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. வெட்டு இயந்திரத்தில் அரை அங்குலம் போனால், ஒருவர் ஆண்டுக்கணக்கில் எழுதிய குறிப்புகளின் முதற்சொற்களும் இறுதிச் சொற்களும் போய்விடும். பணியில் இருந்தபோது அப்படி ஓரம் இழந்து திரும்பிய நூல்களைக் கையில் வாங்கியிருக்கிறேன். அந்த இழப்பை எந்த வழியிலும் மீட்க இயலாது. இப்போதைக்குப் பருத்தி நாடாவால் குறுக்காகக் கட்டி, படுக்க வைத்துப் பாதுகாத்தால் போதும். செலோடேப் ஒட்டக் கூடாது. அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். பென்சில் எழுத்தின் மேல் ரப்பரோ துணியோ படக் கூடாது. முதல் வேலையாக ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

இனி, காலத்தைப் பார்ப்போம். தாராபுரம் 1979இல் புதிதாக அமைந்த பெரியார் மாவட்டத்துக்குள் சென்றது. 2009இல் திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்தது. ஆகவே 'கோயமுத்தூர் ஜில்லா' என்ற முத்திரை 1979க்கு முந்தியது என்பது உறுதி. 'மாவட்டம்' என்ற சொல் அலுவல் வழக்கில் வேரூன்றுவதற்கு முன்பே அந்த முத்திரை செதுக்கப்பட்டிருக்கலாம். விலைப்பட்டியலில் விலை ரூபாய், அணாவில் இருக்கிறதா, பைசாவில் இருக்கிறதா என்று பாருங்கள். தசம நாணயம் 1957 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 1964 வரை 'நயா பைசா' என்று அச்சிடுவார்கள். இன்லேண்டு கடிதத்தாள் இந்தியாவில் 1950 அக்டோபரில் அறிமுகமானது. 1972 ஆகஸ்டில் பின்கோடு வந்த பிறகு அச்சான தாளாக இருந்தால், அந்த எண்ணுக்கு ஆறு கட்டங்கள் இருக்கக்கூடும். இப்படிச் சிறு சிறு சான்றுகளைச் சேர்த்துத்தான் காலத்தை நெருக்க முடியும்.

எழுத்துருவை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 1978இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும், பழைய கொம்பிட்ட 'லை', 'னை' எழுத்துகளைப் பெரியவர்கள் தம் வாழ்நாள் முழுவதும் எழுதினார்கள்.

மறைக்கப்பட்ட வட்ட முத்திரை நூலக முத்திரையாகத்தான் இருக்க வேண்டும். நம் நூலகங்களில் முத்திரையை முதற்பக்கத்தில் மட்டும் இடுவதில்லை. ஒவ்வொரு நூலகமும் தனக்கென ஒரு பக்க எண்ணை இரகசியப் பக்கமாக வைத்துக்கொண்டு, எல்லா நூல்களிலும் அந்தப் பக்கத்தில் மீண்டும் முத்திரை இட்டு வரிசை எண்ணை எழுதும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கிழித்தவரோ மறைத்தவரோ அந்த உட்பக்கத்தை அறிந்திருக்க மாட்டார். ஆகவே நூலின் உட்புறத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடுங்கள். இருட்டறையில் கைபேசி விளக்கைத் தாளின் தளத்தோடு படுக்கையாகப் பிடித்தால், மங்கிய எழுத்தின் பள்ளம் நிழல் கட்டித் தெரியும். கள்ளநோட்டைக் கண்டறியக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கும் பழுப்பேறிய மைக்கு உதவும். இரும்புச் சத்துள்ள பழைய மை அந்த ஒளியில் கருமையாகத் தோன்றும். முத்திரை கிடைத்தால், நூல் முறையாக நீக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். அது இன்றும் இயங்கும் ஒரு நூலகத்தின் உடைமையாக இருந்தால், அவர்களிடம் தெரிவிப்பதே நேர்மை.

முதல் உரிமையாளரின் பெயரையும் பண்ணையின் பெயரையும் பொதுவெளியில் இடாமல் விட்டது நல்லது. அவ்வாறே தொடருங்கள்.

மறுமொழி – தோட்டக்கலை ஆசிரியர் (ஓய்வு), வடவள்ளி

வணக்கம். நூலின் ஆசிரியரைப் பற்றி முதலில் கூறிவிடுகிறேன், ஏனெனில் ஓரக்குறிப்புகள் ஏன் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதற்கு அதில் விடை இருக்கிறது. ஃபர்மிஞ்சர் வங்காளத்தில் பாதிரியாராகப் பணியாற்றியவர். நூலின் முதற்பதிப்பு 1860களில் வந்தது. அவருக்குப் பின் வெவ்வேறு கைகளால் திருத்தப்பட்டு 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்து அச்சில் இருந்தது. இந்தியா முழுமைக்குமான நூல் என்று அறியப்பட்டாலும், அதன் அடிப்படை அனுபவம் கல்கத்தாவைச் சுற்றியது. அங்கே ஆனி, ஆடியில் கொட்டத் தொடங்கும் மழை புரட்டாசி வரை நிற்காது. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது கோஸும் காலிஃபிளவரும் விதைப்பார்கள். தாராபுரத்தில் அந்த நாட்காட்டியைப் பின்பற்றினால் ஒன்றும் விளையாது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே இங்கே தோட்டம் வைக்க வேண்டும். ஆகையால் இந்த நூலைப் பயன்படுத்த நினைத்த கொங்கு நாட்டார் எவரும் அதன் ஓரத்தில் தம் சொந்த நாட்காட்டியை எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. அச்சிட்ட நூலைவிட அந்தப் பென்சில் நூலே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

லாலி ரோடு, 1924 என்பதைக் கண்டதும் அந்தச் சாலையில் உள்ள வேளாண் கல்லூரிதான் நினைவுக்கு வரும். சென்னை சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோவைக்கு மாற்றப்பட்டது. கல்லூரிக் கட்டடம் 1909இல் ஆளுநர் ஆர்தர் லாலியால் திறக்கப்பட்டது. 1920இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் அருகிலேயே அமைந்தது. அங்கே உருவான கோ 205 என்ற கரும்பு 1918இல் வட இந்தியாவுக்குச் சென்றது. 1924இல் அந்தச் சாலை முகவரியை எழுதியவர் மாணவராகவும் இருக்கலாம், அலுவலராகவும் இருக்கலாம், அங்கே குடியிருந்த வேறு யாராகவும் இருக்கலாம். பெயரும் முகவரியும் மட்டும் அவர் தொழிலைச் சொல்லிவிடாது.

உங்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு. எருவைப் பற்றிய பகுதியிலும், வேலியைப் பற்றிய பகுதியிலும், நீர் பாய்ச்சுவதைப் பற்றிய பகுதியிலும் பென்சில் குறிப்பு இருக்கிறதா? இருந்தால் அப்படியே எழுதி அனுப்புங்கள். கையெழுத்தைவிட அவை அதிகம் சொல்லும்.

கையெழுத்தைப் பற்றி ஓர் ஊகம். நீங்கள் புரியவில்லை என்று கூறிய குறிகள் பழைய ஆவணங்களில் வரும் ஆண்டு, மாத, நாள் குறிகளாக இருக்கலாம். அவற்றைத் தடையின்றி எழுதியவர் திண்ணைப் பள்ளியில் கணக்குக் கற்றவராக, அந்தப் பண்ணையின் கணக்குப்பிள்ளையாக இருக்கக்கூடும்.

மறுமொழி – காங்கயம் பக்கத்து வாசகி

பேரூர் அன்பருக்கும் பெரியவர்கள் இருவருக்கும் வணக்கம்.

ஐயா ஊகித்தது சரிதான். '௵' என்பது ஆண்டையும், '௴' என்பது மாதத்தையும், '௳' என்பது நாளையும் குறிக்கும். '௸' என்று ஒரு குறி வந்தால் அது 'மேற்படி' என்று பொருள்படும். எண்களில் '௰' என்பது பத்து. '௰௨' என்றால் பன்னிரண்டு. '௨௰' என்றால் இருபது. ஆகவே உங்கள் வரி 'விரோதி ௵ ஐப்பசி ௴ ௰௨ ௳' என்று இருந்தால், விரோதி ஆண்டு ஐப்பசி 12ஆம் நாள் என்று படிக்க வேண்டும். அறுபதாண்டுச் சுற்றில் விரோதி 1889இலும் 1949இலும் 2009இலும் தொடங்கியது. 1924இல் ஒருவர் பெயரெழுதிய நூலில் 1889 பொருந்தாது. முத்திரை 2009ஐ விலக்குகிறது. ஆகவே அந்தக் குறிப்பு 1949 அக்டோபர் கடைசி வாரத்தில் எழுதப்பட்டது. மற்ற ஆண்டுப் பெயர்களையும் இப்படியே கணக்கிடலாம்: நந்தன 1952, ஜய 1954, ஹேவிளம்பி 1957, விகாரி 1959, ஒவ்வொன்றும் ஏப்ரலில் தொடங்கும்.

கணக்குப்பிள்ளை என்ற கருத்தில் மட்டும் நான் வேறுபடுகிறேன். இந்தக் குறிகளைத் திண்ணைப் பள்ளிக்குப் போன ஆண்கள் மட்டுமே எழுதினார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. என் அம்மாயி (அம்மாவின் அம்மா) பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். ஆனால் அவருடைய அப்பா வீட்டிலேயே எண்சுவடி சொல்லிக்கொடுத்திருந்தார். பால் கணக்கையும், வள்ளத்தில் அளந்து கொடுத்த தானியக் கணக்கையும், பஞ்சாங்கத்தின் வெற்று ஓரங்களில் இதே குறிகளை இட்டு அம்மாயி எழுதி வைப்பார். பென்சில்தான் அவர் கையில் எப்போதும் இருக்கும், ஏனெனில் மைப்புட்டியும் பேனாவும் ஆண்கள் உட்காரும் திண்ணையறையில் இருந்தன.

'இன்று அவர்கள் கோயமுத்தூர் போயிருக்கிறார்கள்' என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பண்ணையில் வேலை செய்தவர் ஒருவர் எழுதியிருந்தால், நம் பக்கத்து வழக்கப்படி பண்ணை உரிமையாளரைப் 'பண்ணாடி' என்று எழுதியிருப்பார். கணக்குப்பிள்ளையாக இருந்தால் பெயரையோ 'எஜமானர் அவர்கள்' என்பதையோ எழுதியிருப்பார். பெயரும் உறவும் பதவியும் இல்லாமல் வெறுமனே 'அவர்கள்' என்று எழுதியிருக்கிறது; அது யாரைக் குறிக்கிறது என்பது தனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்தவர் எழுதியது அது. கணவர் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்து மனைவிமார்கள் எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசினார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களை மையால் எழுதியவரும் பென்சிலால் எழுதியவரும் வேறு வேறு ஆட்கள் என்கிறீர்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவர், தனக்கு நன்கு தெரிந்த செடிகளுக்கெல்லாம் எதிரே தமிழ்ப் பெயரை எதற்காக எழுதினார்? கத்தரிக்கும் அவரைக்கும்கூட எழுதியிருந்தால், அது தன் நினைவுக்காக எழுதியதாக இருக்க முடியாது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத இன்னொருவர் அந்த நூலைத் திறந்து, தேவையான பக்கத்தைத் தாமே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக எழுதியது அது. உங்கள் கையில் இருப்பது இரண்டு பேர் சேர்ந்து பயன்படுத்திய நூல். அதில் ஒருவர் பெயர் முகப்பில் இருக்கிறது. மற்றவர் பெயர் எங்கும் இல்லை, ஆனால் தோட்டத்தை அறிந்தவர் அவரே என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி – பேரூர் வாசகர்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் கூறியபடி நூலை மறுபடியும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பைண்டிங் எண்ணத்தைக் கைவிட்டு, நாடாவால் கட்டி வைத்திருக்கிறேன்.

அம்மா, கத்தரி, அவரை, பூசணி, வெண்டை ஆகிய எல்லாவற்றுக்கும் எதிரே மையால் தமிழ்ப் பெயர் இருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

தோட்டக்கலை ஆசிரியர் ஐயா கேட்ட பகுதிகளில் உள்ளவற்றை அப்படியே தருகிறேன். வேலியைப் பற்றிய பகுதியில்: 'இதெல்லாம் வேண்டாம். கிளுவை போதும்.' எருவைப் பற்றிய பகுதியில்: 'சித்திரையில் ஆட்டுப்பட்டி போட்ட இடத்தில் மிளகாய் நன்றாக வந்தது. இலைமக்கு இட்ட இடத்தில் சுமார்.' நீர் பாய்ச்சும் பகுதியில் இரண்டு குறிப்புகள். முதலாவது விரோதி ஆண்டுக்குரியது: 'கவலைத் தண்ணீர் காலையில் மட்டும். பாத்திக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது.' (கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைப்பது.) இரண்டாவது ஜய ஆண்டுக்குரியது: 'மோட்டார் வைத்தபின் இரண்டு வேளையும் பாய்கிறது. ஆனால் கிணறு இறங்குகிறது. சப்பைத் தண்ணீர். ரோஜாவுக்கு ஆகவில்லை.' கோஸ் பகுதியில்: 'விதை இங்கே கட்டாது. வருஷா வருஷம் வாங்க வேண்டும்.' விலைப்பட்டியல் துண்டு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அதில் விலைகள் ரூபாய், அணாவில் உள்ளன.

நூலகர் ஐயா கூறிய உட்பக்கமும் கிடைத்தது. அங்கே அதே வட்ட முத்திரை மறைக்கப்படாமல் இருக்கிறது. ஒரு பஞ்சாயத்து வாசகசாலையின் முத்திரை அது. ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. அதன் கீழே மையால், 'அன்பளிப்பு: திருமதி' என்று தொடங்கி ஒரு பெயரும், 18-2-61 என்ற தேதியும் உள்ளன. அந்த வாசகசாலை இருந்த ஊரைச் சேர்ந்த ஒருவரிடம் விசாரித்தேன். அது நெடுங்காலத்துக்கு முன்பே மூடப்பட்டு, நூல்கள் எடைக்குப் போடப்பட்டதாகக் கூறினார்.

பென்சில் குறிப்புகளின் ஆண்டுப் பெயர்களை அம்மா தந்த கணக்கின்படி வரிசைப்படுத்தினேன். மிகப் பழையது சர்வதாரி, அதாவது 1948. கடைசிக் குறிப்பு விகாரி ஆண்டு மாசி, அதாவது 1960 பிப்ரவரி அல்லது மார்ச். மையில் எழுதியவரும் சில இடங்களில் ஆங்கிலத்தில் ஆண்டு குறித்திருக்கிறார். அவற்றுள் கடைசியானது 1957. அதற்குப் பிறகு மையால் எழுதியது எதுவும் இல்லை. பென்சில் மட்டும் தொடர்கிறது.

மறுமொழி – ஓய்வுபெற்ற நூலகர், ஈரோடு

அன்பளிப்பு வரியை வாசகசாலைப் பொறுப்பாளர் எழுதுவதே வழக்கம். ஆகவே அந்தக் கையெழுத்தைப் பென்சில் எழுத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டாம். ஆனால் அந்த நூல் வீட்டைவிட்டு வெளியேறியது ஒரு பெண்மணியின் கையால் என்பதற்கு அதைவிட உறுதியான சான்று தேவையில்லை. நூலகமே இல்லாமல் போய்விட்ட நிலையில், நீங்கள் நூலை வைத்திருப்பதில் தவறு காணவில்லை.

அந்தக் குடும்பத்தைத் தேடலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தேடலாம், ஆனால் பெயரை இணையத்தில் இட்டுத் தேட வேண்டாம். வாசகசாலை இருந்த ஊரில் வயதானவர்கள் இருப்பார்கள்; நேரில் சென்று, பண்ணையின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் வழி கிடைக்கும். குடும்பத்தார் கிடைத்தால் படங்களை முதலில் கொடுங்கள். நூலைப் பற்றிய முடிவை அவர்களோடு பேசி எடுக்கலாம்.

மறுமொழி – தோட்டக்கலை ஆசிரியர் (ஓய்வு), வடவள்ளி

இந்தக் குறிப்புகளைப் படித்தபோது, முப்பதாண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவற்றை அந்த ஓரங்களில் யாரோ தாமே கண்டு எழுதி வைத்திருக்கிறார் என்று உணர்ந்தேன். கோஸ் விதை சமவெளியில் கட்டாது என்பதற்குக் காரணம், அந்தச் செடி பூப்பதற்குத் தொடர்ந்த குளிர் தேவை. நம் வெயிலில் அது கிடைக்காது. அதனால்தான் பூனாவிலிருந்து விதை வாங்க வேண்டியிருந்தது. கிணறு இறங்க இறங்க நீரில் உப்புக் கூடுவதும், ரோஜா அதைப் பொறுக்காததும் இன்றைக்கும் தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் நாள்தோறும் காண்பவை.

பைக்காரா நீர்மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் வந்தபின்தான் கொங்கு நாட்டில் மின்மோட்டார்கள் பரவத் தொடங்கின. மாடு பூட்டிய கவலைகள் அதற்குப் பின்னும் நெடுங்காலம் ஓடின. ஒரே பக்கத்தின் ஓரத்தில், ஒரே கையெழுத்தில், கவலையும் மோட்டாரும் நான்கைந்து ஆண்டு இடைவெளியில் பதிவாகியிருப்பது அரியது. மோட்டார் வந்ததைக் கொண்டாடாமல், கிணறு இறங்குவதை முதல் ஆண்டிலேயே கவனித்து எழுதியிருப்பது அதைவிட அரியது. இன்னொன்றும் தெரிகிறது: அமராவதி ஆற்றை ஒட்டிய பழைய வாய்க்கால் பாசன நிலமாக இருந்திருந்தால் கவலை தேவைப்பட்டிருக்காது. ஆகவே அந்தப் பண்ணை ஆற்றைவிட்டுத் தள்ளி, கிணற்றை நம்பிய மேட்டுப் பகுதியில் இருந்திருக்க வேண்டும். ஊரைத் தேடும்போது இது உதவும்.

எழுதியவர் யார் என்பதில், கணக்குப்பிள்ளை என்ற வாய்ப்பு இப்போது மிகவும் சுருங்கிவிட்டது. முற்றாக நீங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1957க்குப் பின் மை நின்றுபோய், பென்சில் மட்டும் 1960 வரை தொடர்ந்து, மறு ஆண்டே ஒரு பெண்மணி நூலை ஊர்ப் பொதுவுக்குக் கொடுத்திருப்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, காங்கயம் அம்மையார் சொன்ன விளக்கமே எல்லாச் சான்றுகளுக்கும் இடம் கொடுக்கிறது.

ஒரு வேண்டுகோள். குறிப்புகளைச் செடிவாரியாக அல்லாமல் மாதவாரியாகப் பெயர்த்தெழுதுங்கள். சித்திரை முதல் பங்குனி வரை அடுக்கினால், மேட்டுநிலத்துக்கான பன்னிரண்டாண்டுக் காய்கறி நாட்காட்டி ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். மழை அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நானே உதவுகிறேன்.

மறுமொழி – பேரூர் வாசகர்

மாதவாரியாக எழுதும் பணியைத் தொடங்கிவிட்டேன். ஒரு வரி மட்டும் தடையாக இருக்கிறது. எலுமிச்சை வகைகளைப் பற்றிய பக்கத்தின் அடியில், விளக்கைப் படுக்கையாகப் பிடித்தால்தான் தெரியும் அளவுக்கு மங்கியது. முதற்சொல் 'க' என்று தொடங்கி 'று' என்று முடிகிறது. பிறகு '௸' குறி, 'நாற்று', '௨௰', கோடு, 'பிழைத்தது', '௰௪'. ஆண்டு நந்தன. முதற்சொல்லை யாரேனும் ஊகிக்க முடியுமா?

மறுமொழி – தோட்டக்கலை ஆசிரியர் (ஓய்வு), வடவள்ளி

'கல்லாறு' என்று படித்துப் பாருங்கள். மேட்டுப்பாளையத்துக்கு அப்பால், நீலகிரி அடிவாரத்தில் உள்ள கல்லாறு அரசுப் பழப்பண்ணை 1900இல் தொடங்கப்பட்டது. 'கல்லாறு, மேற்படி நாற்று 20, பிழைத்தது 14.' மலையடிவாரத்து ஈரத்தில் வளர்ந்த எலுமிச்சை நாற்றை வறண்ட மேட்டுக்குக் கொண்டுவந்து நட்டு, இருபதில் பதினான்கைக் காப்பாற்றியிருந்தால் அது நல்ல கைதான். எந்த மாதத்தில் நட்டார் என்பது அந்த வரியின் முன்னால் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.